டாலர் விலையை ஒன்றேகாலால் பெருக்குங்கள்

உயர்ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று அறிமுகமாகும் வாரத்தில் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றேதான். அமெரிக்காவில் இவ்வளவுதானே, இங்கே மட்டும் ஏன் இத்தனை? ஆர்டிஎக்ஸ் 5090 வந்தபோது அனிமேஷன் படிக்கும் கோவை மாணவர் ஒருவர் கணக்கே போட்டு அனுப்பியிருந்தார். "அங்கே 1,999 டாலர். டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் 1,72,000 ரூபாய்கூட ஆகவில்லை. இங்கே 2,14,000 ரூபாய் என்கிறார்கள். நடுவில் இருக்கிற 42,000 ரூபாயை யார் எடுத்துக்கொள்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. இரண்டு லட்ச ரூபாய் என்பது பல வீடுகளில் ஒரு வருடச் சேமிப்பு. அதனால் இதை விளக்கமாகவே பார்ப்போம். பதில் தெரிந்தால் கோபம் யார்மீது வர வேண்டும் என்பதும் தெரியும், எப்போது வாங்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் மேடையில் சொல்லப்படும் விலை வரி சேராதது. அங்கே விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். ஆரிகனில் அது கிடையவே கிடையாது. கலிஃபோர்னியாவில் குறைந்தது 7.25 சதவீதம். பில் போடும்போதுதான் அது சேரும். இந்தியா, ஜப்பான், ஐரோப்பிய நாடுகளில் சொல்லப்படும் விலையோ வரியையும் உள்ளடக்கியது. வரி சேராத விலையையும் வரி சேர்ந்த விலையையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் எந்த நாட்டுக்காரருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 2025 ஜனவரி 6ஆம் தேதி லாஸ் வேகாஸில் என்விடியா நிறுவனத்தின் தலைவர் ஜென்சன் ஹுவாங் 5090ஐ அறிவித்தபோது ஜெர்மனிக்கான விலை 2,329 யூரோ. 19 சதவீத வரியை எடுத்தால் 1,957 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2,015 டாலர். பிரிட்டனில் 1,939 பவுண்டு. அங்கே வரி 20 சதவீதம். அதைக் கழித்தால் 1,616 பவுண்டு, கிட்டத்தட்ட 2,000 டாலர். சீனாவுக்கு அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு காரணமாக 5090 டி என்று தனியாக ஒரு கார்டு போனது. அதன் விலை 16,499 யுவான். 13 சதவீத வரி போக அதுவும் 2,000 டாலரில்தான் வந்து நிற்கிறது.

இந்தியாவின் 2,14,000 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 1,81,356 ரூபாய். டாலரில் சுமார் 2,110. அமெரிக்க விலையைவிட ஐந்தரை சதவீதம் அதிகம். சரி, ஜப்பானில்? 3,93,800 யென். 10 சதவீத வரியை எடுத்தால் 3,58,000 யென், அதாவது சுமார் 2,280 டாலர். ஆஸ்திரேலியாவின் 4,039 ஆஸ்திரேலிய டாலரும் வரி போக ஏறக்குறைய அதே 2,280 அமெரிக்க டாலர். வரிக்கு முந்தைய விலையில் இந்த அறிமுகத்தில் இந்த நாடுகளிலேயே மிக அதிகமாகக் கொடுக்க வேண்டியிருந்தவர்கள் நாம் அல்ல. டோக்கியோவிலும் சிட்னியிலும் இருப்பவர்கள்தான்.

கோவை மாணவரின் 42,000 ரூபாய்க்கு இப்போது பதில் சொல்லலாம். அதில் 32,644 ரூபாய் ஜி.எஸ்.டி. மீதி 9,400 ரூபாய்ச் சொச்சத்தில்தான் விமானச் சரக்குக் கட்டணம், காப்பீடு, இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் எல்லோருடைய பங்கும் அடங்குகிறது. 'கஸ்டம்ஸ்ல போட்டுத் தீட்டிடறான்' என்று கடைகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை நம்ப வேண்டாம். 1996இல் சிங்கப்பூரில் உலக வர்த்தக அமைப்பு நாடுகள் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கான ஒப்பந்தம் ஒன்றைச் செய்தன. இந்தியாவும் அதில் உண்டு. கணினி உதிரிபாகங்களை வணிக முறையில் இறக்குமதி செய்தால் அடிப்படைச் சுங்க வரி பூஜ்யம். ஜி.எஸ்.டி.க்கு இணையான 18 சதவீதம் மட்டும்தான் துறைமுகத்தில் கட்ட வேண்டியது. அதுவும் பிறகு விற்பனை வரியில் கழிந்துவிடும்.

இதிலிருந்து ஒரு சுலபமான கணக்கு கிடைக்கிறது. டாலர் விலையை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்குங்கள். வருவதை ஒன்றேகாலால் பெருக்குங்கள். 5090க்கு 2,14,900 ரூபாய் வரும். அறிவித்த விலை 2,14,000. அதே தலைமுறையின் 999 டாலர் 5080க்கு 1,07,400, அறிவித்தது 1,07,000. 749 டாலர் 5070 டிஐக்கு 80,500, அறிவித்தது 80,000. 549 டாலர் 5070க்கு 59,000, அறிவித்ததும் 59,000. ஒன்றேகாலில் 19 பைசா அரசுக்கு, மீதி ஆறு பைசா வழியில் இருக்கிற எல்லோருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தலைமுறை கார்டு வரும்போது, இந்திய விலை அறிவிக்கப்படும் முன்பே கைபேசியில் இந்தக் கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ளலாம். கடையில் பேரம் பேசும்போது கையில் இருக்க வேண்டிய எண் அதுதான்.

எல்லாத் தலைமுறையிலும் இந்த விகிதம் இப்படியே இருந்ததில்லை. 2020 செப்டம்பரில் 699 டாலர் ஆர்டிஎக்ஸ் 3080க்கு இங்கே அறிவித்த விலை 71,000 ரூபாய். டாலர் அப்போது எழுபத்து மூன்றரை ரூபாய். வரியையும் சேர்த்தால் 60,600தான் வர வேண்டும். பதினேழு சதவீதம் கூடுதல்! 2022இல் 1,599 டாலர் 4090க்கு 1,55,000 ரூபாய் என்றார்கள். அது வரி சேர்த்த நேர்க்கணக்கைவிட மூன்று சதவீதம்தான் அதிகம். 2025இல் ஐந்தரை. மொத்தத்தில், அறிவிக்கப்படும் இந்திய விலை ஐந்தாண்டுகளில் நியாயத்தை நோக்கித்தான் நகர்ந்திருக்கிறது. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் அந்த ஐந்து சதவீதமாவது ஏன் என்று கேட்கலாம். பெரும்பகுதி நாணயப் பயம். விலையை ஒருமுறை அறிவித்துவிட்டால் பல மாதங்களுக்கு அதைக் காப்பாற்ற வேண்டும். இடையில் உள்நாட்டு நாணயம் சரிந்தால் இழப்பு இறக்குமதி செய்பவருக்கு. அதனால் சரியும் வாய்ப்புள்ள நாணயங்களுக்கு முன்கூட்டியே ஒரு மெத்தை போட்டுவிடுகிறார்கள். நாணயம் ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பா உதாரணம். 2022 இறுதியில் யூரோ வலுத்ததும் 4090இன் விலை அங்கே 1,949 யூரோவிலிருந்து 1,859க்கு இறங்கியது. 2025 மார்ச்சில் மறுபடியும் அப்படியே. 5090 விலை 2,329இலிருந்து 2,229 யூரோ ஆனது. நம் ரூபாய் அப்படி ஏறுவதில்லை. 2025 ஜனவரியில் 86 ஆக இருந்த டாலர் அந்த டிசம்பரில் 90ஐத் தாண்டியது. ஒரு டாலருக்கு நான்கு ரூபாய் கூடினால் 5090க்கு ஒன்றேகால் கணக்கில் பத்தாயிரம் ரூபாய் கூடும். ஐரோப்பியர் காத்திருந்தால் நாணயமே விலையைக் குறைத்துக் கொடுக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

இனி உண்மையான பிரச்சினைக்கு வருவோம். 2025 ஜனவரி 30ஆம் தேதி விற்பனை தொடங்கிய அன்று 2,14,000 ரூபாய்க்கு 5090ஐக் கையில் வாங்கியவர்கள் மிகமிகக் குறைவு. இது இந்தியாவில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் கடை வாசலில் கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். ஐரோப்பாவில் நிமிடங்களில் தீர்ந்தது. அறிவித்த விலை என்விடியாவின் சொந்தப் பதிப்புக்கும் கூட்டாளி நிறுவனங்களின் அடிப்படை மாடல்களுக்கும் மட்டுமே பொருந்தும். அவை வருவதே சொற்பம். கடையில் அதிகம் கிடைப்பது பெரிய குளிர்விப்பான், கூடுதல் வேகம், வண்ண விளக்குகள் கொண்ட மாடல்கள். ஆசூஸின் ஆஸ்ட்ரல் மாடல் 5090க்கு அமெரிக்காவிலேயே தொடக்க விலை 2,800 டாலர். ஒன்றேகால் கணக்கில் அதுவே மூன்று லட்சம்.

தட்டுப்பாடு ஏன்? என்விடியாவின் வருமானத்தைப் பார்த்தால் புரியும். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மொத்த வருவாய் 130.5 பில்லியன் டாலர். அதில் செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர் வியாபாரம் மட்டும் 115 பில்லியனுக்கு மேல். கேம் விளையாடுபவர்களிடமிருந்து வந்தது 11 பில்லியன் சொச்சம். சிப் செய்வது தைவானின் டிஎஸ்எம்சி. அதன் உற்பத்தித் திறனுக்கு எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். பெரிய லாபம் தரும் வரிசைக்குத்தான் முதலிடம் கிடைக்கும். நம் மேசையில் வைக்கும் கார்டுக்கு மிச்சம்தான்.

இந்தத் தட்டுப்பாட்டைக் காட்டித்தான் கடை விலை அறிவித்த விலையைவிட இருபது, முப்பது சதவீதம் ஏறும். நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இது. நிதானம் காட்ட வேண்டிய இடமும் இதுதான். என் அளவுகோல் இது: ஒன்றேகால் கணக்கில் வரும் தொகைக்கு மேல் பத்து சதவீதம்வரை கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு ரூபாயும் வேண்டாம். 5080க்கு 86 ரூபாய் டாலரில் அந்த எல்லை 1,18,000. கடைக்காரர் அதற்கு 1,45,000 சொன்னால் மறுபேச்சில்லாமல் வெளியே வந்துவிடுங்கள்.

'சிங்கப்பூரில் சித்தப்பா இருக்கிறார், துபாயில் மச்சான் இருக்கிறார், வாங்கிவரச் சொல்லட்டுமா?' என்று கேட்பவர்கள் நிறைய. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணன் கலிஃபோர்னியாவில் 5090ஐ அறிவித்த விலைக்கே வாங்கிவிட்டார் என்று வையுங்கள். வரியோடு 2,144 டாலர், நம் பணத்தில் 1,84,000 ரூபாய். 2025இல் நடைமுறையில் இருந்த பயணியர் உடைமை விதிப்படி 50,000 ரூபாய்வரை வரி இல்லை. அதற்கு மேற்பட்ட மதிப்புக்கு 38.5 சதவீதம். ஏறக்குறைய 52,000 ரூபாய் விமான நிலையத்தில் கட்ட வேண்டும். மொத்தம் 2,36,000. இங்கே அறிவித்த விலையைவிட 22,000 ரூபாய் அதிகம்! வணிக இறக்குமதிக்கு உள்ள பூஜ்யச் சுங்கம் பெட்டியில் கொண்டுவருபவருக்குக் கிடையாது. பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பை வரியின்றிக் கொண்டுவரலாம் என்பதும் சரிதான். தனியாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. வரம்பும் வீதமும் அவ்வப்போது மாறும். யாராவது கிளம்பும் முன் சுங்கத்துறையின் இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சிங்கப்பூரில் 9 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சுற்றுலாப் பயணிகள் சாங்கி விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம், உண்மை. அங்கேயே வேலை செய்யும் சித்தப்பாவுக்கு அது கிடைக்காது. லண்டனில் வாங்கினால் யாருக்குமே கிடைக்காது. 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டன் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. வரியில்லா வரம்புக்குள் அடங்கும் கார்டு என்றால் கொண்டுவருவதில் லாபம் இருக்கலாம். உயர்ரக கார்டில் இல்லை. வரி கட்டாமல் குருவிகள் மூலம் வரும் கார்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். சட்டவிரோதம் என்பது ஒருபக்கம். இன்னொரு பக்கம் வாரண்டி. பல நிறுவனங்கள் கார்டின் சீரியல் எண்ணைப் பார்த்து அது எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று சொல்லிவிடும். வேறு நாட்டுச் சரக்கு என்றால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் கையில் வாங்காது.

வாரண்டியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தொடக்க வாரச் சரக்கில் குறை இருப்பதற்கு 2025ஆம் ஆண்டே சாட்சி. அந்தப் பிப்ரவரியில் சில 5090, 5070 டிஐ கார்டுகளின் சிப்பில் ஆர்ஓபி எனப்படும் பகுதியில் எட்டு அலகுகள் குறைவாக இருப்பது தெரியவந்தது. பிறகு 5080இலும் அது காணப்பட்டது. அரை சதவீதக் கார்டுகளில்தான் இந்தக் குறை என்றும், வேகம் சராசரியாக நான்கு சதவீதம் குறையலாம் என்றும் என்விடியாவே ஒப்புக்கொண்டது. கார்டைத் தயாரித்த நிறுவனத்திடம் மாற்றிக்கொள்ளச் சொன்னது. முறையான பில் வைத்திருந்தவர் மாற்றிக்கொள்ள வழி இருந்தது. அதனால் கார்டைப் பொருத்திய அன்றே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். ஆர்ஓபி எண்ணிக்கை 5090இல் 176, 5080இல் 112, 5070 டிஐயில் 96 இருக்க வேண்டும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்? சென்னை ரிச்சி தெருவாகட்டும், உங்கள் ஊர்க் கணினிக் கடையாகட்டும், பேச்சு இப்படித்தான் போகும்.

"அண்ணே, 5080 இருக்கா?"

"இருக்கு தம்பி. பில்லோட வேணுமா, பில் இல்லாம வேணுமா?"

இந்தக் கேள்வி வந்ததும் உஷாராகிவிடுங்கள். 1,07,000 ரூபாய்க் கார்டில் ஜி.எஸ்.டி. மட்டும் 16,300 ரூபாய். பில் இல்லாமல் வாங்கினால் அதில் ஒரு துண்டை உங்களுக்குத் தள்ளுபடியாகத் தருவார், மீதி அவருக்கு. மூன்று வருட வாரண்டியைக் கோர உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது. பில்லில் கார்டின் முழு மாடல் பெயரும் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும்; 'கிராஃபிக்ஸ் கார்டு - 1' என்று மட்டும் இருந்தால் திருத்தி வாங்குங்கள்.

பிறகு பெட்டியைக் கையில் எடுத்து எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். முறையாக இந்தியாவுக்கு வந்த பெட்டியில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, இறக்குமதியான மாதம், எம்.ஆர்.பி., வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாம் அதில் இருக்கும். சட்டமுறை எடையளவு விதிகளின்படி இவை கட்டாயம். அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி எந்த வழியாக வந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள எம்.ஆர்.பி.யைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். பெரும்பாலும் அது சந்தை விலையைவிட மிகவும் கூட்டியே அச்சிடப்பட்டிருக்கும். அதைக் காட்டி 'முப்பது பர்சென்ட் தள்ளுபடி' என்பார்கள். உங்கள் ஒன்றேகால் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பெட்டியின் சீரியல் எண்ணும் கார்டில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றா என்பதைக் கடையிலேயே பிரித்துப் பார்த்து, அதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் இன்னொன்றும் சொல்வார்கள்: கார்டைத் தனியாகத் தர முடியாது, பவர் சப்ளையும் மதர்போர்டும் சேர்த்து எடுத்தால்தான். முழுக் கணினியும் புதிதாகக் கட்டுகிறவர் என்றால் இதை ஏற்கலாம். ஆனால் எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்கி, பக்கத்துக் கடை விலையோடு பாருங்கள். கார்டை அறிவித்த விலைக்கே கொடுப்பதாகச் சொல்லி மதர்போர்டில் பத்தாயிரம் ஏற்றுவது பழைய வழக்கம்.

எப்போது வாங்குவது? தொடக்கத்தில் முதல் இரண்டு, மூன்று மாதங்களை விட்டுவிடுங்கள். விலையேற்றமும் தயாரிப்புக் குறைகளும் டிரைவர் கோளாறுகளும் அந்தக் காலத்தில்தான் குவியும். ஆனால் 'காத்திருந்தால் குறைந்துகொண்டே போகும்' என்ற பழைய நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். 2025 இறுதியிலிருந்து நினைவகச் சிப்புகளின் விலை உலகெங்கும் தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனதே காரணம். 5090இல் 32 ஜிபி நினைவகம் இருக்கிறது; அந்தச் சுமை கார்டின் விலையில் சேராமல் போகாது. ஆகவே கடை விலை உங்கள் பத்து சதவீத எல்லைக்குள் வந்த வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். இன்னும் ஐயாயிரம் இறங்கட்டும் என்று மேலும் ஆறு மாதம் நிற்க வேண்டாம்.

கார்டின் விலையோடு செலவு முடிவதில்லை. 5090 தனியாகவே 575 வாட் இழுக்கும். 1000 வாட் பவர் சப்ளை வேண்டும் என்கிறது என்விடியா. 5080க்கு 850 வாட். வீட்டில் வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட்தான் தாங்கும். கேம் ஓடும்போது மின்சாரம் போனால் அது உடனே கைவிரித்துவிடும். இதற்கெல்லாம் தனியாக இருபது, முப்பதாயிரம் ஒதுக்க முடியாதவர் ஒரு படி கீழே உள்ள கார்டை வாங்குவதே நல்லது.

வீடியோ எடிட்டிங், அனிமேஷன், கட்டட வடிவமைப்பு போன்ற தொழிலில் இருந்து ஜி.எஸ்.டி. பதிவும் வைத்திருப்பவர்கள் நிறுவனத்தின் பெயரில், ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்குங்கள். 5090க்குக் கட்டிய 32,644 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். அப்படி வாங்குபவருக்கு இந்திய விலை 1,81,000 ரூபாய்தான். கலிஃபோர்னியாவில் வரி கட்டி வாங்குபவரைவிடக் குறைவு. இந்த வழி தெரியாமல் சொந்தப் பெயரில் பில் போட்டுக்கொண்ட சிறிய ஸ்டூடியோக்காரர்கள் எத்தனையோ பேர்.

கோவை மாணவருக்கு என் பதில் இது. பிளெண்டரும் அன்ரியல் எஞ்ஜினும் கற்றுக்கொள்ள 5090 தேவையில்லை. 16 ஜிபி நினைவகம் கொண்ட 5070 டிஐ படிப்புக்கும் முதல் வேலைக்கும் தாராளமாகப் போதும். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் அதன் ஒன்றேகால் கணக்கு 84,000. உங்கள் மேல் எல்லை 92,500. அந்த விலைக்குள், சீரியல் எண் எழுதிய பில்லோடு, இறக்குமதியாளர் ஸ்டிக்கர் உள்ள பெட்டி கிடைக்கும் அன்று வாங்குங்கள் தம்பி. மிச்சமாகும் ஒரு லட்சத்துச் சொச்சத்தை அப்பாவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.